விமானத்தைக் கழுவுவது யார் வேலை?

சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. நாலு பேர் உட்காரும் சின்ன விமானம். கார் கழுவும் இடத்தில் செய்வது போல அதன்மேல் வெள்ளை நுரையைப் பீய்ச்சி அடித்து, பிறகு பிரஷர் பம்பால் அலசுகிறார்கள். நுரை வழிந்து போனதும் விமானம் அப்படியே ஜொலிக்கிறது. எனக்கு மட்டும் அதை ஐந்து பேர் அனுப்பிவிட்டார்கள், "உங்க லைன் ஆச்சே சார், பாருங்க" என்று. பார்த்தேன். அந்தப் பம்பின் முனை விமானத்தின் இடப்பக்கம் திரும்பியபோது நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

நம் பக்கத்திலும் இப்போது சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். பறக்கப் பயிற்சி தரும் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கெல்லாம் இந்த நுரை வைத்தியம் வந்துவிட்டது என்று கேள்விப்படுகிறேன். எனவே என் கட்சியை எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. சின்ன விமானத்தைக் கழுவுவதையும் துடைப்பதையும் காண்ட்ராக்டுக்கு விடக் கூடாது. அதை ஓட்டுகிறவரும் பழுது பார்க்கிறவரும்தான் கழுவ வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தே தீர வேண்டுமென்றால், விஷயம் தெரிந்த ஒருவர் துணியும் கையுமாகக் கூடவே நிற்க வேண்டும். "இது என்ன பெரிய விஷயம்" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

நான் 1974இல் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். எங்கள் ஃபோர்மன் பழைய ஆள். காக்கி அரை டிராயர், காதில் பென்சில். கழுவுகிற நாளில் வாளியும் சோப்பும் தயாராக இருந்தாலும் ஒருத்தரையும் துணியைத் தொட விடமாட்டார். முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விமானத்தை ஒரு சுற்று வரவேண்டும். கோயில் பிரகாரம் மாதிரி, மெதுவாக. "அழுக்கைப் பாத்தியா? என்ன சொல்லுது?" என்று கேட்பார். முதல் மாதம் எனக்கு அது ஒன்றுமே சொல்லவில்லை. அழுக்கு அழுக்காகத்தான் இருந்தது.

பிறகு புரிய ஆரம்பித்தது. சின்ன விமானங்களுக்குப் போடும் ஏவ்காஸ் 100 எல்எல் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் நீலமாக ஒரு கறை தெரிந்தால் எங்கேயோ பெட்ரோல் கசிந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிரேக்கில் ஓடும் ஹைட்ராலிக் எண்ணெய் சிவப்பு. சக்கரத்தின் உட்பக்கம் சிவப்பாக ஈரம் இருந்தால் பிரேக்கின் சீல் போய்க்கொண்டிருக்கிறது. அடிவயிற்றில் என்ஜின் எண்ணெய் எப்போதும் கொஞ்சம் படிந்திருக்கும். அது வழக்கம். ஆனால் போன வாரத்தைவிட அதிகமாக இருந்தால் வழக்கம் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம் ரிவெட். தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் லேசாகத் தளர்ந்தால், பறக்கும்போது அதிர்ந்து அதிர்ந்து உலோகம் மாவாகத் தேயும். அந்த மாவு காற்றடிக்கும் திசையில் பின்பக்கமாக ஒரு கறுப்புக் கோடாக இழுத்துக்கொண்டு போகும், கண்மை கலைந்த மாதிரி. 'புகைகிற ரிவெட்' என்போம். அப்படி வரிசையாக நாலு ரிவெட் புகைந்தால் உள்ளே ஏதோ ஒன்று தன் வேலையைச் செய்யவில்லை.

இப்போது சொல்லுங்கள். நுரை பீய்ச்சுகிறவருக்கு இந்தக் கோடு என்னவாகத் தெரியும்? அழுக்காகத்தான் தெரியும். நன்றாகத் தேய்த்து எடுத்துவிடுவார். பெட்ரோல் கறையும் போச்சு, பிரேக் கறையும் போச்சு. மறுநாள் காலை விமானி சுற்றிவந்து பார்க்கும்போது எல்லாம் சுத்தமாக இருக்கும்.

பார்ப்பது ஒரு பாதி என்றால் தொடுவது இன்னொரு பாதி. ஈரத் துணியோடு கை ஓடும்போது, கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். எங்கள் கிளப்பில் மாணவர்கள் மாதம் இரண்டு முறை விமானம் கழுவ வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒருநாள் ஒரு மாணவி வாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எலிவேட்டர் என்கிற, விமானத்தின் மூக்கை மேலும் கீழும் ஆட்டும் பலகை, கீல் வைத்துப் பிடித்திருக்கும் இடம். "சார், இங்க நகம் மாட்டுது" என்றாள். போய்ப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் நகத்தை வைத்தேன், மாட்டியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கீல் பிராக்கெட்டில் முடி மாதிரி ஒரு விரிசல். அன்றே விமானத்தை ஹாங்கருக்குள் தள்ளிவிட்டோம். அந்தப் பெண் இன்று பெரிய ஜெட் விமானத்தில் கமாண்டர். அந்த பிராக்கெட் இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கியிருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை. போடப் பிடிக்கவில்லை.

இந்த வழக்கம் நின்றது ஒரு தகப்பனாரால். நல்ல மனிதர், வசதியானவர். ஒருநாள் மகனைப் பார்க்க வந்தவர் அவன் விமானத்தின் வயிற்றடியில் மல்லாந்து படுத்து எண்ணெய் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். "ஏன் சார், இத்தனை பணம் கட்டி பைலட் ஆக்க அனுப்பினேனா, கிளீனர் ஆக்க அனுப்பினேனா?" என்று ஆபீஸில் போய்ச் சத்தம் போட்டார். நிர்வாகம் பணிந்தது. அடுத்த மாதம் முதல் கழுவும் வேலை காண்ட்ராக்டுக்குப் போனது.

அந்தத் தகப்பனாரை நான் குறை சொல்லவில்லை. அவர் சொன்னதைத்தான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். துடைப்பமும் துணியும் யார் கையில் இருக்க வேண்டும் என்று நம் நாட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. படித்தவன் கை அழுக்காகக் கூடாது. அந்த எண்ணம் ஹாங்கருக்குள்ளும் வந்துவிட்டது, அவ்வளவுதான். விமானம் மட்டும் அதை ஏற்றுக்கொள்வதில்லை.

காண்ட்ராக்ட் ஆரம்பித்து ஓர் ஆண்டுக்குள் நடந்தது இது. ஒரு பெரிய மனிதர் கிளப்புக்கு வருகிறார் என்று செஸ்னா 172 ஒன்றை அவசரமாகப் பாலிஷ் போடச் சொன்னார்கள். நான் ஊரில் இல்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்த காலையில், ஒரு மாணவன் என்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு உடனே நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். "சார், உள்ளே பெட்ரோல் வாசனை" என்றான். மூக்கு நல்ல மூக்கு. 172இல் பெட்ரோல் டாங்க் இறக்கைக்குள், தலைக்கு மேலே. மூடியைக் கழற்றிப் பார்த்தால் இறக்கை அடியில் குழாய் இணைப்பு ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு கசிவு ஒரே நாளில் வராது. வெளியே கறை காட்டாமலும் இருக்காது.

பாலிஷ் போட்ட பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். இருபது வயது இருக்கும். "ஆமா சார், அங்க நீலமா ஒரு கறை இருந்துச்சு. போகவே மாட்டேன்னுச்சு. நல்லா தேய்ச்சு எடுத்துட்டேன்" என்றான், பெருமையாக. அவனை என்ன சொல்வது? கொடுத்த வேலையை அவன் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். நீலம் என்றால் என்ன என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு அன்று கிடைத்த கூலியைச் சொன்னால் உங்களுக்கு வெட்கமாக இருக்கும்.

எங்கள் கதையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. 1996 அக்டோபர் 2ஆம் தேதி, பெரு நாட்டில் லீமாவிலிருந்து சிலிக்குப் புறப்பட்ட ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 விமானம் கடலில் விழுந்து அதிலிருந்த 70 பேரும் இறந்தார்கள். காரணம் தெரிந்தபோது உலகத்தில் உள்ள மெக்கானிக்குகள் எல்லோருக்கும் வயிறு கலங்கியது. பறப்பதற்கு முன் விமானத்தைக் கழுவிப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் போகாமல் இருக்க உடம்பின் பக்கவாட்டில் உள்ள சில சிறு துளைகளை டேப்பால் ஒட்டியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள்.

அந்தத் துளைகளுக்கு ஸ்டாட்டிக் துளை என்று பெயர். வெளிக்காற்றின் அழுத்தத்தை அவைதான் உள்ளே கொண்டுபோகின்றன. உயரம் காட்டும் கருவி அதை வைத்துத்தான் உயரம் சொல்கிறது. வேகம் காட்டும் கருவிக்கும் அது வேண்டும். துளை அடைபட்டால் இரண்டும் பொய் சொல்லும். இரவு நேரம், கீழே கடல், வெளியே பார்த்தால் இருட்டு. இறக்கை தண்ணீரைத் தொடும்போதும் கருவி ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. டேப் வெள்ளி நிறம், விமானத்தின் உடம்பும் பளபளக்கும் வெள்ளி. அதற்குப் பிறகு அதைப் பார்த்திருக்க வேண்டியவர்கள் வரிசையாக இருந்தார்கள். மெக்கானிக், மேற்பார்வையாளர், சுற்றிவந்து பார்க்க வேண்டிய விமானி. ஒருவர் கண்ணிலும் படவில்லை. நீதிமன்றத்தில் குற்றவாளி ஆனவர் துடைத்த தொழிலாளி.

இன்னொன்று 2008 நவம்பர் 27. பிரான்சின் தென்கோடியில் பெர்ப்பிஞான் ஊருக்கு அருகே ஓர் ஏர்பஸ் ஏ320 சோதனைப் பறப்பில் கடலில் விழுந்தது, 7 பேர் இறந்தார்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த விமானம். சில நாள் முன்னால் தூசி போகத் தண்ணீர் அடித்து அலசியிருக்கிறார்கள். காற்று எந்தக் கோணத்தில் வருகிறது என்று உணரும் கருவிகளை மூடாமலே அலசிவிட்டார்கள். உள்ளே போன தண்ணீர் உயரத்தில் உறைந்து கருவிகள் அசையாமல் நின்றுவிட்டன. அது தெரியாமல், மெதுவான வேகத்தில் விமானம் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதித்தபோது கட்டுப்பாடு போய்விட்டது. ஒன்றில் மூடியது எடுக்கப்படவில்லை, ஒன்றில் மூடவே இல்லை. இரண்டிலும் செய்தது கழுவும் வேலை.

அவை பெரிய விமானங்கள், நமக்கென்ன என்று இருக்க முடியாது. செஸ்னாவிலும் அதே துளை இருக்கிறது, முன் இடப்பக்கத்தில், சட்டைப் பொத்தான் அளவில். இடது இறக்கையின் அடியில் பிட்டோ குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். வேகத்துக்கு அதுதான் மூக்கு. அதே இறக்கையின் முன்விளிம்பில் இன்னொரு சின்ன ஓட்டை, இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப்போகிறது என்றால் ஊதி எச்சரிக்க. வீடியோவில் பம்பு இடப்பக்கம் திரும்பியபோது எனக்கு ஏன் தூக்கிவாரிப் போட்டது என்று இப்போது புரிந்திருக்கும். பிரஷர் தண்ணீர் இந்தத் துளைகளுக்குள் மட்டுமா போகிறது? சக்கர பேரிங்கிலும் கீல்களிலும் உள்ள கிரீஸையும் அடித்துக்கொண்டு போய்விடும். வாளித் தண்ணீரும் மக்கில் மொண்டு ஊற்றுவதும் போதும்.

பாலிஷ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பளபளப்பு ஆசை பொல்லாதது. சின்ன விமானத்தின் தோல் பல இடங்களில் முக்கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த அலுமினியக் கலவை பலமானது, ஆனால் அரிப்புக்கு எளிதில் ஆளாகும். அதனால் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய ஏடு போல ஒட்டியிருப்பார்கள். ஒரு பக்கத்துக்குத் தகட்டின் பருமனில் சுமார் 5 சதவீதம். கணக்குப் பார்த்தால் 0.03 மில்லிமீட்டரை ஒட்டி வரும், தலைமுடியில் பாதி. பெயின்ட் அடிக்காத விமானத்தை வெள்ளிப் பாத்திரம் மாதிரி அடிக்கடி தேய்க்கிறவர்கள் இந்த ஏட்டைத்தான் கரைக்கிறார்கள். பெயின்ட் அடித்ததில் முதலில் தேய்வது ரிவெட்டின் தலை. அங்கிருந்து அரிப்பு ஆரம்பித்து பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போலப் போகும். கடற்கரை ஊர்களில் கேட்கவே வேண்டாம். உப்புக்காற்று படிந்ததை வாரா வாரம் நல்ல தண்ணீரில் கழுவியே ஆகவேண்டும், ஆனால் தேய்க்கக் கூடாது.

சலவை சோடா கலந்த பவுடர் கூடாது. வீட்டு அலுமினியப் பாத்திரத்தில் சோடா போட்டால் கறுத்துப்போவதைப் பெண்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பி நார் ஹாங்கர் பக்கமே வரக் கூடாது. அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டால் சுற்றிலும் அரிக்கும். முன் கண்ணாடி உண்மையில் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்தாலே கீறல் விழும். வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் திரவம், பெட்ரோல், தின்னர் எதுவும் படக் கூடாது, மயிரிழை வெடிப்புகளாகப் பூத்துவிடும். மாலை வெயிலை எதிர்த்து இறங்கும்போது அந்த வெடிப்புகள் எல்லாம் சேர்ந்து மின்னி ஓடுதளத்தையே மறைக்கும். எங்கள் ஃபோர்மன் அதற்குத் துணியே தரமாட்டார். நிறையத் தண்ணீர் விட்டு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, வெறும் உள்ளங்கையால் மணல் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்வார். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி.

அந்த நாளில் எங்களிடம் புஷ்பக் விமானம் இருந்தது. பெங்களூர் எச்.ஏ.எல் செய்தது, 1958இல் முதலில் பறந்தது, இரண்டு பேர் உட்காரலாம். அதன் இறக்கைக்குத் தோல் துணி! துணியை இழுத்துக் கட்டி டோப் என்ற பூச்சு பூசியிருப்பார்கள். நுரைப் பம்பை அதன்மேல் அடித்திருந்தால் அன்றே குடை விரித்த மாதிரி கிழிந்திருக்கும். ஈரத் துணியால் ஒற்றி எடுப்போம். அடிப்பக்கம் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அவை அடையாமல் இருக்கின்றனவா என்று ஈர்க்குச்சி வைத்துப் பார்ப்போம். அதைக் கழுவப் பழகியவனுக்கு வேறு எந்த விமானத்திலும் கை மிருதுவாகத்தான் போகும்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. சொந்த விமானம் வைத்திருப்பவர் தொழிலதிபராக இருப்பார், அவருக்கு நேரம் கிடையாது. பயிற்சிப் பள்ளிகளில் ஒரு விமானம் காலையிலிருந்து மாலைவரை ஓய்வில்லாமல் பறக்கிறது. மாணவர்களைக் கட்டாயப்படுத்தினால் இலவச வேலை வாங்குகிறார்கள் என்று புகார் வரும், சில இடங்களில் அது உண்மையும்கூட. சரி, ஆள் வையுங்கள். ஆனால் அந்த ஆளுக்கு நீலத்தையும் சிவப்பையும் கறுப்புக் கோட்டையும் சொல்லிக்கொடுங்கள். பார்த்ததைச் சொன்னால் திட்டு விழாது என்று நம்பிக்கை கொடுங்கள். துளைகளை மூட டேப் வேண்டவே வேண்டாம். தூரத்திலிருந்தே தெரியும்படி சிவப்பு நாடா தொங்கும் மூடிகள் கிடைக்கின்றன, 'பறக்குமுன் அகற்று' என்று எழுதியிருக்கும். எத்தனை போட்டோம், எத்தனை எடுத்தோம் என்று எண்ணி, மெக்கானிக் ஒருவர் கையெழுத்துப் போடட்டும். கழுவுவது பெரிய வேலை என்று காகிதத்தில் ஏறினால்தான் அதைச் செய்பவருக்கும் மரியாதை வரும், கூலியும் கூடும்.

கையுறையும் வாங்கிக் கொடுங்கள். ஏவ்காஸில் ஈயம் உண்டு. புகைபோக்கிக்குப் பின்னால் வயிற்றில் சாம்பல் நிறமாகப் படிவதில் அந்த ஈயம் இருக்கிறது. அதை வெறும் கையால் துடைத்துவிட்டு அதே கையால் பையன்கள் பரோட்டா சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய மாணவர் ஒருவர் இப்போது ஒரு பயிற்சிப் பள்ளியில் இருக்கிறார். அடுத்த மாதம் ஒருநாள் வந்து பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். முழங்கால் சம்மதித்தால் போவேன். வயிற்றடியில் படுக்க என்னால் முடியாது, படுக்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பழைய பனியன் துணி நிறைய சேர்த்து வைக்கச் சொன்னேன், துவைத்துத் துவைத்து நைந்ததாக. கழுவும் ஆட்களையும் அன்று வரச் சொல்லி, அந்த நாளுக்கும் கூலி கொடுத்துவிடச் சொன்னேன். காலை ஆறு மணிக்கே ஆரம்பிக்க வேண்டும், வெயில் ஏறினால் சோப்பு தகட்டிலேயே காய்ந்து கறையாகிவிடும்.